கப்டன் செத்துவிட்டார்

அந்தப் போர் எந்த நாடுகளுக்கு இடையே நடந்தது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. நிஷாந்த் என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றைத்தான். "ஊரு பேரு போட்டா அவங்க செஞ்சது சரியா, இவங்க செஞ்சது சரியான்னு சண்டை பிடிக்க ஆரம்பிச்சிருவாங்க சேர். எங்களுக்கு நடந்தத மட்டும் எழுதுங்க" என்றான். அப்படியே எழுதுகிறேன்.

நிஷாந்த் அப்புத்தளைக்குக் கீழே, பெரகல பக்கமாக இறங்கும் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். அம்மா கொழுந்து எடுத்தாள். அப்பா தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தட்டுகளில் வேலை செய்து, நெஞ்சு நோயில் சீக்கிரமே போய்விட்டார். பதினேழு வயதில் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போனான். நாட்டில் யுத்தம் கடைசிக் கட்டத்தில் இருந்த நேரம். ஒருநாள் காலையில் சுற்றிவளைப்பு நடந்து, அந்தத் தெருவில் இருந்த தமிழ்ப் பெடியன்களையெல்லாம் லொறியில் ஏற்றினார்கள். அடையாள அட்டையில் யுத்தம் நடந்த வடக்கு இல்லை, மலைநாட்டு அப்புத்தளை என்று இருந்தாலும் கேள்விகள் கேள்விகள்தான். வரிசையில் அவனுக்கு முன்னால் நின்றவன், கேட்ட கேள்விக்கு யோசித்து யோசித்துப் பதில் சொன்னான். அவனுக்குத்தான் அதிகமாக அடி விழுந்தது. துவக்கு வைத்திருப்பவன் கேட்டால் உடனே சொல்ல வேண்டும், சுருக்கமாகச் சொல்ல வேண்டும், அவன் முகத்தைப் பார்க்கக் கூடாது. இது நிஷாந்த் அன்று கற்றுக்கொண்டது. கடை முதலாளி வந்து பொறுப்பெடுத்த பிறகு விட்டார்கள்.

சாப்பாட்டுக் கடையிலிருந்து பெரிய ஹோட்டல் சமையலறை, அங்கிருந்து கப்பல் சமையல். பத்து வருடத்துக்கு மேல் கடலில் கழிந்தது. இடையில் கல்யாணம். மனைவி சுதர்ஷினி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை. தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே சின்னதாக ஒரு வீடு கட்டினார்கள். முன்னால் நின்றால், பனி விலகும் நேரங்களில் ஹல்துமுல்லையும் அதற்கு அப்பால் கீழ்நாடும் தெரியும். கடல் தெரியாது. அதுதான் சுதர்ஷினிக்கு அந்த இடத்தில் பிடித்த விஷயம்.

கப்பலின் பெயர் லோரெட்டா. பழைய சாமான் கப்பல். கோதுமை ஏற்றிக்கொண்டு போனது. ஆட்களில் பாதிக்கு மேல் இலங்கையர். கப்டன் றஹீம் காலிக்காரர், அறுபதை நெருங்கிய மனிதர். கடலில் அவரை விடக் கெட்டிக்காரர் இல்லை, சாப்பாட்டு மேசையில் அவரை விடக் கரைச்சல்காரரும் இல்லை. கறியில் ஒரு குறை கண்டுபிடிக்காமல் சாப்பாட்டுக் கோப்பையை விட்டு எழும்ப மாட்டார். அவருக்கு அடுத்த அதிகாரி பர்ஹான், மாவனல்லைக்காரர், நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதிகம் பேசாதவர். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போகும் ஒரே அதிகாரி அவர்தான் என்று நிஷாந்த் சொன்னான்.

அந்தக் கடலில் சண்டை நடப்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்திய மாதங்களில் இரண்டு கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டிருந்தன. இரண்டிலும் நீர்மூழ்கி மேலே வந்து கப்டனை மட்டும் பிடித்துக்கொண்டு போயிருந்தது. ஒருவரை வீடியோவில் காட்டினார்கள். எதிரிக்குச் சாமான் கொண்டுபோனேன் என்று எழுதிக்கொடுத்ததை வாசித்தார். மற்றவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. லோரெட்டாவின் ஆட்கள் அந்த வீடியோவைச் சாப்பாட்டு அறையில் ஒரே போனைச் சுற்றி நின்று பார்த்தார்கள். கப்டன் றஹீமும் பார்த்தார். பார்த்துவிட்டு, "வேலயப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போனார்.

கப்பலுக்கு அடி விழுந்தது பகல் சாப்பாட்டுக்குப் பிறகு. நிஷாந்த் பானைகளைக் கழுவி முடித்து, இரவுக்கு ரொட்டி மா பிசைந்துகொண்டிருந்தான். முதலில் சத்தம் கேட்கவில்லை என்கிறான். கால் தரையை விட்டு எழும்பியது. அடுப்பு இடத்தை விட்டு நகர்ந்தது. பிறகுதான் சத்தம். கப்பலின் அடிவயிற்றிலிருந்து ஏதோ கிழிவது போல. விளக்குகள் அணைந்தன. எஞ்சின் நின்ற அமைதி அதைவிடப் பயங்கரமாக இருந்தது. கப்பலில் எஞ்சின் சத்தம் மூச்சு மாதிரி. இருக்கும்வரை காதில் விழாது.

டோர்பிடோ எஞ்சின் அறையில் பட்டிருந்தது. அந்த நேரத்தில் அங்கே வேலையில் இருந்தவர்கள் யாரும் மேலே வரவில்லை. அவர்களில் ஒருவன் முன்ஸிப், வெலிமடைப் பக்கம் குருத்தலாவைக்காரன். பகல் சாப்பிட்டு, வெறுந்தேநீர் ஒன்று வாங்கிக் குடித்துவிட்டுத்தான் கீழே இறங்கியிருந்தான்.

நிஷாந்த் வெளியே ஓடும்போது கப்பல் ஒரு பக்கம் சாய ஆரம்பித்துவிட்டது. படிக்கட்டடியில் யாரோ கத்தும் குரல். கப்டன். பகல் தூக்கத்திலிருந்து எழும்பி, சாரமும் பனியனுமாக இறங்கி வந்தவரின் மேல் சுவரில் இருந்த இரும்பு அலுமாரி பிடுங்கிக்கொண்டு விழுந்திருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்து தொங்கியது. நிஷாந்தும் இன்னொரு மாலுமியும் அலுமாரியைப் புரட்டி அவரை இழுத்து எடுத்தார்கள். தரை முழுக்க எஞ்சின் ஒயில். மூன்று பேரும் அதில் வழுக்கி விழுந்து எழும்பி, வெளியே வரும்போது ஆளுக்கு ஆள் அடையாளம் தெரியாத கறுப்பாக இருந்தார்கள்.

உயிர்காப்புப் படகை இறக்க முடியவில்லை. கப்பல் சாய்ந்ததில் அது கப்பலின் உடம்போடு ஒட்டிக்கொண்டு நின்றது. காற்றடைத்த மிதவைகள் இரண்டு விரிந்தன. கப்பலை ஓட்டும் மேல் அறையில் அன்று பகல் கடமையில் இருந்த பர்ஹான் எல்லோரையும் அதில் இறக்கிவிட்டு, கடைசியாக அவரும் குதித்தார். இரண்டு மிதவைகளையும் கயிற்றால் சேர்த்துக் கட்டினார்கள். கண் முன்னாலேயே லோரெட்டா பின்பக்கமாக அமிழ்ந்தது. கோதுமைத் தூசி கடல் மேல் மஞ்சளாகப் பரவி, அலையில் மடிந்து மடிந்து கரைந்தது. ஒருவன் எஞ்சின் அறை ஆட்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் நீர்மூழ்கி மேலே வந்தது.

பெரியதில்லை என்கிறான் நிஷாந்த். முதலில் ஒரு கம்பம், பிறகு கறுப்பு முதுகு. மேலே மூடி திறந்து ஆட்கள் ஏறினார்கள். இரண்டு பேர் கையில் துவக்கு. நடுவில் நின்ற தாடிக்காரர் அதிகாரியாக இருக்க வேண்டும். நல்ல ஆங்கிலம் பேசினார். மிதவைகளுக்கு மிக அருகில், கல்லெறிந்தால் படும் தூரத்தில் நிறுத்தினார்கள்.

"கப்டன் யார்?" என்று கேட்டார்.

யாரும் வாய் திறக்கவில்லை. நிஷாந்தின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தவர்தான் கப்டன். சாரமும் ஒயில் அப்பிய பனியனும். அதிகாரி என்று சொல்ல அவர் உடம்பில் ஒன்றுமில்லை. மௌனம் நீண்டுகொண்டே போனது. துவக்குக்காரர்களில் ஒருவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். இன்னும் கொஞ்ச நேரம் இந்த மௌனம் நீடித்தால், யாராவது ஒருவன் தன்னையறியாமல் கப்டனைத் திரும்பிப் பார்த்துவிடுவான் என்று நிஷாந்துக்குத் தோன்றியது.

"கப்டன் செத்துவிட்டார்" என்றான். "கப்பலோடு போய்விட்டார்."

அதிகாரி அவனைப் பார்த்தார். நிஷாந்த் தண்ணீரைப் பார்த்தான்.

"உன் மடியில் கிடப்பவர்?"

"சமையல்காரர். கால் உடைந்துவிட்டது. நான் அவருக்கு உதவி செய்கிறவன்."

"வயது போனவராக இருக்கிறாரே."

"எங்கள் ஊரில் வயது போனவர்கள்தான் நன்றாகச் சமைப்பார்கள்."

அதிகாரி சிரிக்கவில்லை. குனிந்து கப்டனிடமே கேட்டார். "சமையல்காரரே, இன்று பகலுக்கு என்ன சமைத்தீர்கள்?"

அந்த இடத்தில் தன் உயிர் போய்வந்தது என்றான் நிஷாந்த். கப்டனுக்குச் சமையலறை எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடத் தெரியாது. ஆனால் கப்டன் கண்ணைத் திறந்தார். வலியில் உதடு நடுங்கியது. உடைந்த ஆங்கிலத்தில், யாரோ ஒரு சாதாரண ஆள் பேசுவது போலச் சொன்னார்:

"பருப்பு. கோழிக் கறி. முட்டைக்கோவா வறை. பருப்பில் உப்பு கூடிப் போச்சு. கோழி வேகவில்லை. கப்டன் ஏசினார்."

பின்னால் இருந்த ஒருவனுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. அவன் முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான்.

அதிகாரி நிமிர்ந்தார். நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. "பொய் சொன்னால் மிதவையைச் சுடுவோம். கடைசியாகக் கேட்கிறேன். கப்டன் யார்?" என்றார். துவக்கு ஒன்று தாழ்ந்து மிதவையின் ரப்பரைக் குறிபார்த்தது.

அடுத்த மிதவையில் பர்ஹான் எழுந்து நின்றார். வெள்ளைச் சட்டை, தோளில் பட்டி, எல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தன. "அவன் சொன்னது உண்மை. கப்டன் இறந்துவிட்டார். நான்தான் அடுத்த அதிகாரி. இப்போது இவர்களுக்குப் பொறுப்பு நான். என்னைக் கொண்டுபோங்கள்" என்றார்.

கப்டன் றஹீம் நிஷாந்தின் மடியில் துள்ளினார். "டேய், விடு" என்று தமிழில் முனகினார். "நான் சொல்றன். அவன் புள்ளகுட்டிக்காரன். நான் சொல்றன் விடு."

எழும்ப விட்டிருந்தால் எழும்பியிருப்பார். சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு நடக்கப்போவது நிஷாந்தின் கண்ணில் அப்படியே தெரிந்தது: பொய் சொன்ன அவன், அதை உண்மை என்ற பர்ஹான், ரப்பரைக் குறிபார்க்கும் துவக்கு. அவன் யோசிக்கவில்லை. கப்டனின் உடைந்த காலில், எலும்பு துருத்திய இடத்தில், உள்ளங்கையை வைத்து அழுத்தினான். கப்டன் ஒரு தரம் அலறிவிட்டு மயங்கினார்.

"என்ன அது?" என்றார் அதிகாரி.

"கால், சேர். வலி தாங்கமுடியவில்லை."

பர்ஹான் கயிற்றைப் பிடித்து நீர்மூழ்கியில் ஏறினார். ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதிகாரி யாருக்கோ கைகாட்ட, குடிதண்ணீர்ப் போத்தல்கள் ஒரு கட்டும் மருந்துப் பை ஒன்றும் மிதவைக்குள் வந்து விழுந்தன. மூடி அடைபட்டது. கறுப்பு முதுகு தண்ணீருக்குள் போனது.

மறுநாள் ஒரு மீன்பிடிப் படகு அவர்களைக் கண்டெடுத்தது. இடைப்பட்ட நேரத்தில் கப்டன் விழித்து நிஷாந்தைத் திட்டினார். கெட்ட வார்த்தையில், அழுதுகொண்டு திட்டினார். "நீ யார்டா என்னத் தடுக்க? ஒரு கப்டன ஒரு குக் அமுக்கிப் பிடிக்கிறதா?" நிஷாந்த் போத்தல் மூடியில் தண்ணீர் ஊற்றி அவர் வாயில் விட்டான். குடித்துவிட்டு மறுபடி திட்டினார்.

கரைக்கு வந்து ஆஸ்பத்திரி வாசலில் பெயர் கேட்டபோதுதான் நிஷாந்துக்கு விஷயம் உறைத்தது. இந்த மனிதரின் பெயர் செய்தியில் வந்தால் என்ன ஆகும்? கப்டன் உயிரோடு இருக்கிறார் என்று உலகம் முழுக்கச் சொல்வார்கள். பர்ஹானைப் பிடித்து வைத்திருப்பவர்களும் கேட்பார்கள். அப்போது அவர் பொய் சொன்ன கைதி.

"இவரு சமையல்காரர்" என்றான் அங்கேயும்.

தூதரகத்திலிருந்து வந்த ஒருவரிடம் மட்டும் தனியாக உண்மையைச் சொன்னான். அவர் எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்தினார். பிறகு, "சரி, அப்படியே இருக்கட்டும்" என்றார். கப்பல் கம்பனியும் ஒத்துக்கொண்டது. பிழைத்து வந்த ஆட்கள் எல்லோரும் வாய் திறப்பதில்லை என்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சொன்னார்கள். ஒரு வாரத்தில் பர்ஹானின் வீடியோ வந்தது. சுவரோரமாகக் கதிரையில் உட்கார்ந்து, "எங்கள் கப்டன் இறந்துவிட்டார். பொறுப்பான அதிகாரி நான்" என்று சொன்னார். இனி அந்தச் சாவைக் காப்பாற்றியே ஆகவேண்டும்.

கப்டன் றஹீம் காலிக்குப் போக முடியாது. அங்கே அவரைத் தெரியாத கடைக்காரர் இல்லை. மனைவி இல்லாதவர், மகள் ஒருத்தி இருந்தாள். அந்த ஊரில் அவளுக்கு மட்டும் சொன்னார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முன்னால் அவள் வெள்ளை உடுத்தி உட்கார வேண்டியிருந்தது. அழுகை தானாக வந்ததாம், வாப்பாவைப் போய்ப் பார்க்க முடியாத அழுகை.

"எங்க வீட்டுக்கு வாங்க சேர்" என்றான் நிஷாந்த். "மலையில யாரும் கப்பல் ஆளுகளத் தேட மாட்டாங்க."

ஊன்றுகோலும் மழிக்காத தாடியுமாக வந்திறங்கியவரை, கப்பலில் தன்னோடு சமைத்த முஸ்லிம் அண்ணன், நானா, என்று ஊருக்குச் சொன்னான். பக்கத்து லயத்துக் கருப்பம்மா அன்றைக்கே ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் கொண்டுவந்து கொடுத்து, "பாவம், ஒங்க கப்டன் போயிட்டாராமே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கப்டன் தலையைக் குனிந்துகொண்டு ரொட்டியைத் தின்றார். பிறகு அவள் தோட்டத்துக் கோயிலில் அந்தக் கப்டன் பேரில் ஒரு விளக்கும் வைத்தாள்.

மாதங்கள் போயின. கப்டனுக்கு மலைக்குளிர் பழகவில்லை. உடைந்த கால் இரவெல்லாம் குடைந்தது. பகலில் சமையலறை வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். அவரைச் சமையல்காரர் என்று நம்பிய அக்கம்பக்கத்துப் பெண்கள் பிரியாணிக்குப் பக்குவம் கேட்டார்கள். வாயில் வந்ததைச் சொல்லிவைத்தார். ஒரு வீட்டில் பானை அடிப்பிடித்ததைச் சுதர்ஷினி வந்து சொன்னபோதுதான், அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

சுதர்ஷினிதான் அதிகமாகப் பயந்தாள். "என்னாங்க, நீங்க கடல்ல ஒரு நாள் பொய் சொன்னீங்க. நான் பிள்ளைக் காம்பராவுல தெனமும் சொல்றேன். வாய் குழறிச்சின்னா?" என்பாள். அவன் போனில் செய்தி பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அவன் முகத்தைப் பார்ப்பாள்.

அவள் பயந்தது ஒருநாள் வாசலுக்கே வந்தது. பதுளைக்காரன் கிரிஷாந்தன், இணையத்தில் செய்திப் பக்கம் நடத்துகிறவன், மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். நீர்மூழ்கி தாக்கிப் பிழைத்த மலையகத்து ஆள் என்று நிஷாந்தைப் பேட்டி எடுக்க வேண்டுமாம். மறுத்தால் சந்தேகம் வரும். நிஷாந்த் முன்னறையில் உட்கார வைத்தான். சுதர்ஷினி தேநீர் வைக்கப் போகிற சாக்கில் சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

கிரிஷாந்தன் தன் போனை நீட்டினான். லோரெட்டாவில் முன்பு எப்போதோ எடுத்த படம். புதுவருட கேக் வெட்டுகிறார்கள். "இவரு தானே அண்ணே கப்டன்?"

"ஆமா."

"எப்படிச் செத்தாரு? நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன். அலுமாரி மேல விழுந்திருச்சி. எடுக்க முடியல."

"மத்தவரு, அந்த பர்ஹான், அவரும் பாத்தாரா?"

"அவரு மேல இருந்தாரு."

அப்போது உள்ளே ஊன்றுகோல் வழுக்கி விழுந்த சத்தம் கேட்டது. தொடர்ந்து ஒரு ஆணின் முனகல். கிரிஷாந்தன் எழும்பி, யாரும் தடுக்கும் முன்பே கதவைத் தள்ளினான். தரையில் விழுந்து கிடந்த பெரியவரைச் சுதர்ஷினி தூக்கிக்கொண்டிருந்தாள். அவனும் ஒரு கை கொடுத்தான். தாடிக்குள்ளிருந்த முகத்தை மிக அருகில் பார்த்தான். பிறகு வெளியே வந்து, சுதர்ஷினி கொண்டுவந்த தேநீரைக் குடித்தான். பேட்டியை முடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் வரை போனவன், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, உள்ள இருக்கிறது யாருன்னு எனக்குத் தெரியும்."

நிஷாந்துக்கு இந்தத் தடவை பொய் வேலை செய்யாது என்று தெரிந்தது. "தெரிஞ்சா சரி தம்பி" என்றான். "அந்தப் படத்தயும் இவரயும் நீ பக்கத்துல போட்டா நாளைக்கு நாடே பாக்கும். நாளான்னைக்கு பர்ஹான் சேர் உயிரோட இருக்க மாட்டாரு. அவருக்கு ரெண்டு புள்ளைங்க. நான் ஒன்னய ஒன்னும் செய்ய முடியாது. சொல்லிட்டேன்."

கிரிஷாந்தன் போடுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. விடிந்ததும் நிஷாந்த் கிரிஷாந்தனின் பக்கத்தைத் திறந்து பார்ப்பான். மரக்கறி விலை, மண்சரிவு எச்சரிக்கை, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. கப்பல் இல்லை. மத்தியானம் பார்ப்பான். பொழுது சாயப் பார்ப்பான். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் சுதர்ஷினியின் கை நின்றுவிடும். கப்டன் மட்டும் வேறு மாதிரி மாறினார். ஒருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கப் பார்த்தார்.

"எங்க சேர்?"

"பதுளைக்கு. அந்தப் பெடியன் சொல்லமுந்தி நானே சொல்றன். நான்தான் கப்டன், என்ன எடுத்துட்டு பர்ஹான விடுங்கண்டு. மரியாதயா ஒரு தரமாவது சொல்ல விடு நிஷாந்த்."

"அவங்க மாத்திக்க மாட்டாங்க சேர். ரெண்டு பேரயும் இழந்துருவோம்."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

நிஷாந்துக்குத் தெரியாதுதான். அன்று அவர் போகவில்லை, ஆனால் அடங்கவும் இல்லை. வேறு வழியில்லாமல் நிஷாந்த் மாவனல்லைக்குப் போன் எடுத்தான். இரண்டு நாளில் பர்ஹானின் மனைவி றஷீதா அப்புத்தளைக்கு வந்தாள். கப்டன் உயிரோடு இருப்பது அவளுக்கு ஆரம்பத்திலேயே சொல்லப்பட்டிருந்தது. ஆனால் அவரைப் பார்ப்பது அன்றுதான்.

அவளைக் கண்டதும் கப்டனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "மகள், என்ட எடத்துல ஒன்ட மாப்புள இரிக்கிறார்" என்றார். "நீ ஒரு வார்த்த சொல்லு. நான் வெளியில வாரன்."

றஷீதா நின்றபடியே பேசினாள். குரல் உயரவில்லை. "ஒங்கள ஏசத்தான் நான் வந்த. பஸ்ஸுல வரக்குள்ள எல்லாம் யோசிச்சி வெச்சேன். நீங்க இங்க சாப்பிடுறீங்க, தூங்குறீங்க, அவர் எங்க எண்டே தெரியா. ஆனா அவர் எழும்பி நிண்டது ஒங்களுக்காக மட்டும் இல்ல. அந்தப் படகுல இருந்த எல்லாருக்காகவும். அத நீங்க போய் ஒடைக்க வாணாம். அவர் சொன்னத பொய்யாக்க ஒங்களுக்கு உரிம இல்ல."

அதற்குப் பிறகு கப்டன் ரோட்டுக்கு இறங்கப் பார்க்கவில்லை. றஷீதா அன்று சுதர்ஷினியோடு சமையலறையில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள். இரண்டு பெண்களும் என்ன பேசினார்கள் என்று நிஷாந்துக்குத் தெரியாது. போகும்போது சுதர்ஷினியைக் கட்டிப்பிடித்து நின்றாள்.

கிரிஷாந்தனின் பக்கத்தில் கடைசிவரை ஒன்றும் வரவில்லை.

பர்ஹானை விட்டார்கள். இரண்டு தரப்பும் கைதிகளை மாற்றிக்கொண்டபோது, நடுவில் நின்ற நாடொன்றின் பேச்சில், அவர் பெயரும் சேர்ந்தது. அந்தச் செய்தி வந்த காலையில் நிஷாந்த் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டான். கப்டன் உள்ளே போய்த் தொழுதார். பர்ஹான் விமானத்தில் ஏறிவிட்டார் என்று உறுதியாகத் தெரியும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. தெரிந்ததும் நிஷாந்த் முதலில் கூப்பிட்டது கிரிஷாந்தனை. "வா தம்பி, இப்ப எடு பேட்டிய" என்றான்.

ஊரில் ஒரே பரபரப்பு. கருப்பம்மா நேராக வாசலுக்கு வந்து கப்டனை ஒரு பிடி பிடித்தாள். "உசுரோட இருக்கிற மனுசனுக்கு என்னய வெளக்கு வைக்க வச்சிட்டீங்களே! நான் குடுத்த ரொட்டியத் தின்னுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தீங்களே!" கப்டன் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் கோபம் தீராமல் போனாள். மறுநாள் மறுபடி ரொட்டி வந்தது.

பர்ஹான் றஷீதாவோடு அப்புத்தளைக்கு வந்தபோது நன்றாக மெலிந்திருந்தார். கப்டன் எழும்பப் பார்த்தார். எழும்ப விடாமல் பர்ஹான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். பிறகு பர்ஹான் சொன்னதைக் கேட்டு நிஷாந்த் திகைத்துப்போனான். அந்தத் தாடிக்கார அதிகாரிக்கு எல்லாம் தெரியும். நீர்மூழ்கிக்குள்ளேயே அவர் ஒரு படத்தைக் காட்டினாராம். இவர்தானே கப்டன், அந்தச் சமையல்காரர், என்று கேட்டாராம். பர்ஹான் பேசாமல் இருந்திருக்கிறார். அதிகாரி படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனவர், மேலிடத்துக்குச் சொல்லவே இல்லை.

"ஏன் சொல்லல?" என்று கேட்டான் நிஷாந்த்.

"தெரியா. கேக்கவும் ஏலாது. ஆனா நீங்க இஞ்ச வாய் தொறந்திருந்தா நானும் முடிஞ்சேன், அந்த ஆளும் முடிஞ்சான்."

கப்டன் றஹீம் இப்போது காலியில் மகளோடு இருக்கிறார். நொண்டி நொண்டி நடக்கிறார். கடலுக்குப் போவதில்லை. பர்ஹான் மறுபடி போய்விட்டார். கூடவே வரச்சொல்லி நிஷாந்தைக் கேட்டார். சுதர்ஷினி முடிவை அவனிடமே விட்டாள். அவன் போகவில்லை. அப்புத்தளையில் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை செய்கிறான். கதவை யாராவது பலமாகச் சாத்தினால் இன்னும் சட்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடிவந்துவிடுகிறான்.

எல்லாம் முடிந்த பிறகு அவன் செய்த ஒரு காரியம் யார் பேட்டியிலும் வரவில்லை. குருத்தலாவைக்கு பஸ் ஏறிப்போனான். எஞ்சின் அறையில் போன முன்ஸிப்பின் வீடு அங்கே. சாகாத கப்டனைப் பற்றி நாடே விசாரித்துக்கொண்டிருந்த காலம் முழுவதும், செத்துப்போன அந்த ஆட்களைப் பற்றி ஒருவரும் தன்னிடம் கேட்கவில்லை என்பது அவனை அரித்துக்கொண்டிருந்தது.

முன்ஸிப்பின் உம்மா உருளைக்கிழங்குத் தோட்டத்தில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கப்பலில் மகனோடு இருந்தவன் என்றதும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவனுக்கு வலிச்சிருக்குமா மகன்?"

நிஷாந்த் வாயைத் திறந்தான். இல்லை உம்மா, சட்டென்று முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

"தெரியல உம்மா. நான் மேல இருந்தேன். கீழ போய்ப் பாக்க முடியல."

அவர் தலையாட்டினார். அழவில்லை. அவன் கையை விடாமலே, "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார். உள்ளே கூட்டிப்போய்ப் பாய் விரித்தார். அவன் உட்கார்ந்து சாப்பிட்டான்.